பதினேழாம் சாட்சிக்கு ஒரு சுரங்கம்

ஆபீஸ் ஹெட் செத்து ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

அவருடைய கம்ப்யூட்டர் மட்டும் அது தெரியாமல் இன்னும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரின்டருக்கும் சுழல் நாற்காலிக்கும் நடுவே மல்லாந்து கிடந்தார். நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. மூக்குக் கண்ணாடி மட்டும் கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது.

"'என் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்'னார்" என்றார் கல்குவாரி முதலாளி, வருத்தமாக. "பெரிய மனுஷன் வாய்விட்டுக் கேட்டுட்டார். இல்லேன்னு சொல்ல முடியுமா?"

அவருடைய அடியாள் மொட்டை சிரித்தான். அவன் கையிலிருந்த துப்பாக்கியின் சைலன்சர் இன்னும் ஆறவில்லை.

அட்மினுக்கு அழுகைகூட வரவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று. மூன்றாவது மாடி.

எட்டு மேஜை போட்ட அந்த ஆபீசுக்கு வாசலில் போர்டு கிடையாது. வேலை அப்படி! எந்த வழக்கின் சாட்சியை எந்த வீட்டில் போலீஸ் ஒளித்து வைத்திருக்கிறது என்ற பட்டியல் நானூறு மைலுக்கு அப்பால் ஒரு டேட்டாபேசில் இருந்தது. அதைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் இந்த ஆபீசுக்கு.

விடுமுறை நாளில் இரண்டே பேர்தான் டியூட்டி. ஹெட். டேட்டாபேஸ் அட்மின்.

ஹெட் போய்விட்டார்.

"உக்காரும்மா. ஏன் நிக்கறே?" முதலாளி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அறுபது வயசு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. வாயில் இருமல் மிட்டாய். கல்குவாரி அதிபர் என்று சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். "வியாழக்கிழமை என் கேஸ் கோர்ட்டுக்கு வருது. குவாரி இஞ்சினீயர் ஒருத்தன் கல்லு உடைக்கற மெஷின்ல தவறி விழுந்துட்டான்."

"தள்ளி விட்டோம்" என்று திருத்தினான் மொட்டை.

"வாயை மூடுடா! தவறி விழுந்தான். அதைக் கண்ணால பாத்தேன்னு ஒரே ஒரு சாட்சி. கோர்ட் பேப்பர்ல பேர் கிடையாது. 'சாட்சி பதினேழு'ன்னு மட்டும் போட்டிருக்கான். எனக்கென்ன தெரியாதா? ஓடிப்போன என் டிரைவர் நாய்தான்! பதினஞ்சு வருஷம் என் உப்பைத் தின்னவன். அவன் எங்க பதுங்கியிருக்கான்னு எனக்கு வேணும்."

"சார்... அதெல்லாம் என்னால..."

முதலாளி விரலைச் சொடுக்கினார்.

மொட்டை, மீட்டிங் அறைக் கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே இருந்தவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தான்.

அட்மின் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவள் புருஷன்!

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. காலில் செருப்பில்லை. பாதி ஷேவ் செய்த முகம். மீதிப் பாதியில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது.

"சாரி மேடம்" என்றான். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "பெல் அடிச்சாங்க. கூரியர்னு நினைச்சுத் திறந்துட்டேன்."

"என்னங்க... அடிச்சாங்களா?"

"இல்ல. கார் ஓட்டினதுதான் தாங்கலை. மொட்டைத் தலையனுக்குக் கிளட்ச்னா என்னன்னே தெரியலை."

மொட்டை துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் ஒன்று வைத்தான். நுரை சிவப்பானது.

"அடிக்காதீங்க! நான்... நான் திறக்கறேன்."

"நல்ல பொண்ணு" என்றார் முதலாளி.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். விரல்கள் எழுத்துக்களைத் தவறவிட்டன. மறுபடி அடித்தாள்.

முதலாளி அவள் தோளுக்கு மேல் குனிந்தார். மிட்டாயின் புதினா நெடி.

"என்ன பண்றேன்னு சொல்லிட்டே பண்ணு. அலாரம் கிலாரம் தட்டினே... உன் புருஷனோட மீதி மூஞ்சியை மொட்டை ஷேவ் பண்ணிடுவான்."

"அலாரம் இல்ல சார். அந்த டேட்டாபேஸ் வெளியாள் யாருக்கும் கதவைத் திறக்காது. அதே சர்வருக்குள்ள இருக்கறவங்க கூப்பிட்டாதான் பதில் சொல்லும்."

"நாம இங்கதானே இருக்கோம்?"

"அதுக்குத்தான் சுரங்கம். முதல்ல என் டிஜிட்டல் சாவியைக் காட்டி அந்த சர்வருக்குள்ள போவேன். அங்கேர்ந்து இந்த லேப்டாப் வரைக்கும் ஒரு சுரங்கம் போடுவேன். நான் இங்க கேக்கற கேள்வி பூட்டின எழுத்தாப் போய் அந்தப் பக்கம் வெளிய வரும். பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு டேட்டாபேஸ் பதில் சொல்லும்."

"நடுவுல எவனாவது ஒட்டுக் கேட்டா?"

"குப்பைதான் கிடைக்கும். ஒரு எழுத்து புரியாது."

"பலே!" முதலாளி நிஜமாகவே ரசித்தார். "என் பொண்ணும் இந்தக் கம்ப்யூட்டர்தான் படிக்கறா, வெளிநாட்டுல. அப்பனுக்குப் புரியற மாதிரி ஒரு நாள் சொல்லியிருப்பாளா? நீ சொல்றே பாரு... பச்சப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

திரையில் ஒரு வரி வந்தது.

அவளுடைய சாவிக்கான ரகசிய வாக்கியத்தைக் கேட்டது.

அவள் கை நின்றது.

"மேடம்" என்றான் புருஷன், உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு. "அடிக்காதே."

"என்னங்க..."

"அந்த டிரைவர் யாரோ எவனோ. நம்மளை நம்பித்தானே ஒளிஞ்சிட்டிருக்கான்? என்னைக் காப்பாத்தறேன்னு அவனைக் கொன்னுடாதே. அப்புறம் நாம ரெண்டு பேரும் எப்படி ஒரு தட்டுல சோறு தின்றது?"

"அருமையான பையன்!" என்றார் முதலாளி. "மொட்டை... சுண்டு விரல்."

விறகு முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அவன் அலறல்!

"ஐயோ! அடிச்சுட்டேன் சார்! இதோ அடிச்சுட்டேன்!"

முப்பத்திரண்டு எழுத்து. கண்ணீரில் திரையே தெரியாமல் அடித்தாள்.

சர்வர் திறந்தது.

அடுத்து சுரங்க வாசலுக்கான போர்ட் நம்பர். அடுத்து டேட்டாபேசின் பெயர். அடுத்து அதன் பாஸ்வேர்ட்.

சுரங்கம் விழுந்துவிட்டது. மறுமுனையில் ஒரு கர்சர் பொறுமையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"கேளு" என்றார் முதலாளி. "பதினேழு."

கேட்டாள்.

பதில் வர ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஒரே வரி. நீளமான வரி. இடமிருந்து வலமாக அவள் கண் ஓடியது.

பாதியில் நின்றது.

மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார்... இந்த சாட்சி வந்து..."

பளார்!

கன்னம் தீப்பிடித்தது. காதுக்குள் விசில்.

"உன்கிட்ட நான் கதையா கேட்டேன்? விலாசம்! விலாசத்தை மட்டும் படி!"

அட்மின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மண்டைக்குள் வேகமாக யோசனை ஓடியது.

இப்போதே எல்லாவற்றையும் சொன்னால்? இந்த ஆளுக்கு அதற்கப்புறம் அவளும் வேண்டாம், அவள் புருஷனும் வேண்டாம். இரண்டு தோட்டா. முடிந்தது கதை.

விலாசத்தை மட்டும் கொடுக்கலாம். இவர் அனுப்பும் ஆள் அங்கே போய்ச் சேர நேரமாகும். அதற்குள் புருஷனைத் தெருவில் இறக்கிவிட வைக்கலாம். அவன் தப்பித்தான் என்று தெரிந்ததும் அந்த விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால் முதலாளியே தன் ஆளைத் தடுத்து நிறுத்துவார். சாட்சியும் பிழைக்கும்.

எல்லோரும் பிழைக்கலாம்!

ஒரே அழுத்தில் திரையைச் சுருக்கினாள். விலாசம் மட்டும் நின்றது.

"ரயில்வே லைனுக்குப் பின்னாடி... மூணாவது குறுக்குத் தெரு... பதினாலாம் நம்பர். மாடி."

"காவல்?"

"ஒரே ஒரு போலீஸ். பன்னெண்டு மணிக்கு ஆள் மாறும். நடுவுல பத்து நிமிஷம் யாரும் இருக்க மாட்டாங்க."

முதலாளி ஏற்கெனவே போனில் இருந்தார்.

மறுமுனையில் 'கத்தரி' என்று ஒருவன். வெளியூர்க் கொலையாளி. இதுவரை முதலாளி முகத்தை அவன் பார்த்ததில்லை. அவர் வீட்டு ஆட்கள் யாரையும் அவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவனைத்தான் அவர் எப்போதும் வைத்துக்கொள்வார். சாட்சிகளை ஒளித்து வைக்கும் வீடுகளெல்லாம் சர்வர் இருக்கும் நகரத்தில்தான் என்பது முதலாளிக்குத் தெரியும். அதனால் நாலு நாளாக அந்த நகரத்திலேயே லாட்ஜ் எடுத்துக் காத்திருந்தான் கத்தரி.

"விலாசம் எழுதிக்கோ... கரெக்ட். பன்னெண்டு அடிச்சதும் உள்ள போ. வீட்ல எத்தனை பேர் இருந்தாலும் ஒருத்தரும் மிச்சம் இருக்கக் கூடாது. இன்னொண்ணு. போனை ஆன்ல வச்சு சட்டைப் பையில போட்டுக்கோ. உன் பக்கம் சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுடு. நீ எதையும் கேக்க வேணாம். நான் கேக்கணும். அவன் கத்தறதை நான் என் காதால கேக்கணும்!"

ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜைமேல் வைத்தார். மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் அறையை நிறைத்தது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

"சார்" என்றாள் அட்மின். "நீங்க கேட்டதைக் குடுத்துட்டேன். அவரை விட்டுடுங்க. அவர் கீழ போய் ஆட்டோ ஏறட்டும். நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கறேன். அப்புறம் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"என்னம்மா விஷயம்?"

"அவர் போனப்புறம் சொல்றேன் சார். உங்க நல்லதுக்குத்தான்."

முதலாளி அவளை வாஞ்சையோடு பார்த்தார்.

"பாவம். நாலு வருஷமாச்சாமே கல்யாணமாகி." மிட்டாயை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினார். "ஆனா பாரு, இவன் என் முகத்தைப் பாத்துட்டானே. மொட்டை!"

"சார்!"

புருஷன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி அந்தக் கண்ணில் அப்படியே நின்றது. அதற்கு அவள் பதில் சொல்லியிருப்பாள். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால்!

டப்.

தடித்த புத்தகம் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அட்மின் மெதுவாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். துப்பட்டா நுனியை எச்சிலால் நனைத்து அவன் கன்னத்தில் காய்ந்திருந்த சோப்பைத் துடைத்தாள். மறுபாதி முகமும் சுத்தமாகும் வரைக்கும் துடைத்தாள்.

"ஏதோ சொல்லணும்னியே. என்ன அது?" என்றார் முதலாளி.

அவள் தலையைத் தூக்கினாள்.

கண் வறண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

"என் நல்லதுக்குன்னியே?"

"மறந்துடுச்சு."

டிரிங்!

ஹெட்டின் மேஜை போன்.

மொட்டை துள்ளினான். முதலாளி அவளைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். "ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு. மூச்சு மாறினா சுட்டுடுவான்."

அவள் எழுந்து போய் எடுத்தாள்.

"ஹலோ."

"சர்வர் ரூம் டியூட்டி ஆபீசர் பேசறேன்." கரகரத்த குரல். "ஞாயித்துக்கிழமையில யாரும்மா உள்ள வந்திருக்கறது? உங்க சாவி பதிவாகியிருக்கு."

முதலாளியின் கை அவள் கழுத்தருகே.

ஒரு வார்த்தை போதும். ரயில்வே லைன் வீட்டுக்கு அந்த ஆபீசர் ஒரு போன் அடித்தால் போதும். காவலுக்கு இருக்கும் போலீஸ்காரன் இடத்தைவிட்டு நகர மாட்டான். சொன்ன மறுவிநாடி அவளைச் சுடுவார்கள். சுடட்டுமே! உயிர்மேல் அவளுக்கு இப்போது என்ன ஆசை பாக்கி?

கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

தரையில் கிடந்தவனைப் பார்த்தாள்.

"வழக்கமான பேக்கப்தான் சார்" என்றாள், தெளிவாக. "ஒண்ணும் பிரச்சினையில்ல."

"உங்க ஹெட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அவர்கிட்ட குடுங்க."

"கீழ இருக்கார் சார்."

பொய் இல்லை. கீழேதான் இருந்தார்!

"சரி. பத்து நிமிஷத்துல என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. இல்லேன்னா விதிப்படி நான் உங்க ஆபீசுக்குப் போலீஸ் அனுப்பியாகணும்."

"சொல்றேன் சார்."

போனை வைத்தாள்.

முதலாளி கை தட்டினார். "கெட்டிக்காரி! நான் மனசு மாறி உன்னை விட்டாலும் விட்டுடுவேன் போலிருக்கே!"

"பத்து நிமிஷம்தான் அண்ணே இருக்கு" என்றான் மொட்டை. "கிளம்பலாமா?"

"முக்கியமான கட்டத்துல எழுந்து போகச் சொல்றியே. உக்காருடா!"

மேஜைமேல் இருந்த போனில் மோட்டார் சைக்கிள் நின்றது.

செருப்புச் சத்தம். மாடிப்படி. ஒன்று... இரண்டு... பதினெட்டுப் படி.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தார்கள்.

பெல்.

"யாரு?"

பெண் குரல்!

முதலாளியின் புருவம் ஏறியது. "யார்டா இவ? டிரைவர் பொண்டாட்டியா?"

"பார்சல்ங்க" என்றான் கத்தரி.

"நான் எதுவும் வரவழைக்கலையே... கீழ வச்சுட்டுப் போங்க."

முதலாளியின் தாடை அசைவது நின்றது.

"கையெழுத்துப் போடணும்ங்க."

"ஒரு நிமிஷம்..."

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"அண்ணே..." மொட்டையின் குரல் திடீரென்று சின்னப் பையன் குரலாகியிருந்தது. "இது... நம்ம பாப்பா குரல் மாதிரி..."

"உளறாதேடா! அவ வெளிநாட்டுல இருக்கா! போன வாரம்கூடப் பேசினா... 'இங்க பனி கொட்டுதுப்பா'ன்னு..."

அவர் முடிக்கவில்லை.

கதவு சுவரில் மோதியது. நாற்காலி விழுந்தது. கண்ணாடி உடைந்தது.

"விடுங்க! யார் நீங்க... யார் அனுப்பினாங்க? எங்கப்பாவா? எங்கப்பாதானே அனுப்பினாரு?"

"நிறுத்துடா!" முதலாளி போனைப் பாய்ந்து பிடித்தார். "டேய் கத்தரி! நிறுத்து! அது என் பொண்ணுடா! நிறுத்துடா டேய்!"

கத்தரிக்குக் கேட்கவில்லை.

அவன் பையில் இருந்த போனில் சத்தம் சுத்தமாகக் குறைக்கப்பட்டிருந்தது. முதலாளி சொன்னபடியே!

"நிறுத்துடா! உன் காலைப் பிடிக்கறேன்டா! டேய்..."

அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் இந்தப் பக்கத்துக்குத் துல்லியமாக வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்துகூட அங்கே போகவில்லை.

மொட்டை காதைப் பொத்திக்கொண்டான். ஆறு வயசு வரைக்கும் அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் அவன்.

அட்மின் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

முக்கால் நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அமைதி.

சரசரவென்று துணி உரசும் சத்தம். கத்தரி போனை வெளியே எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

"முடிஞ்சுது அண்ணே. வீடு பூரா தேடிட்டேன். டிரைவர்னு எவனும் இல்ல. ஒரே ஒரு பொண்ணுதான். போட்டோ அனுப்பட்டுமா?"

முதலாளியின் கையிலிருந்து போன் நழுவியது.

இஞ்சினீயரை மெஷினில் தள்ளிய நாளன்று லீவில் வந்திருந்த மகள் குவாரி ஆபீஸ் மாடி ஜன்னலில் நின்றிருந்தாள். மறுநாள் விமானம் ஏறுவதாகச் சொல்லிக் கிளம்பியவள் நேராகப் போலீசுக்குத்தான் போனாள். பனி கொட்டியதெல்லாம் ரயில்வே லைன் வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்ன கதை. இதெல்லாம் முதலாளிக்கு ஒவ்வொன்றாகப் புரிவது அவர் முகத்தில் தெரிந்தது.

ரொம்ப மெதுவாகத் திரும்பினார்.

அட்மின் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சுருக்கிய திரையை முழுசாக விரித்திருந்தாள். ஒரே வரி. நீளமான வரி.

பெயர். வயது. 'குற்றம் சாட்டப்பட்டவருக்கு உறவு: மகள்.'

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"மொட்டை! சுடுடா இவளை!"

கதவு ஆடிக்கொண்டிருந்தது. மொட்டை துப்பாக்கியைப் பிரின்டர்மேல் வைத்துவிட்டு எப்போதோ போயிருந்தான்.

முதலாளி துப்பாக்கியை எடுக்கப் பார்த்தார். கை அதை எட்டவில்லை. கால் மடங்கி, ஹெட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்து மிட்டாய் விழுந்தது.

கீழே தெருவில் போலீஸ் ஜீப்பின் சைரன். டியூட்டி ஆபீசர் விதியை மீறாதவர். படியில் பூட்ஸ் சத்தம் ஏற ஆரம்பித்தது.

"பாவி..." முதலாளி அவள் காலைப் பிடித்தார். "இருபது நிமிஷம் இருந்துச்சேடி! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அட்மின் சுரங்கத்தை மூடினாள். லேப்டாப்பையும் மூடினாள்.

"நீங்க விலாசம் மட்டும்தானே சார் கேட்டீங்க? கேட்டதுக்கு மேல ஒரு எழுத்துகூடக் குடுக்கக் கூடாதுங்கறது எங்க ஆபீஸ் ரூல்!"